சிட்டிகை என்பது அளவன்று

ஜூன் 9

அன்புள்ள துணைவிக்கு,

பொருள்: நம் மகளின் உடல்நிலை.

தொலைபேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். இந்த வீட்டில் நான் கூடத்தில் தும்மினால், நம் செல்லக் கடுகு தன் அறையிலிருந்து "மெதுவாப்பா" என்கிறாள். அவள் காதில் விழும்படி இந்தப் பொருளைப் பேச என்னால் இயலாது. மொட்டை மாடிக்குப் போகலாமென்றால், மேல்வீட்டுக்காரர் எந்நேரமும் அங்கே துணி உலர்த்திக்கொண்டிருக்கிறார். அலுவலகத் தொலைபேசியைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துவது விதிமீறல். ஆகவே எழுதுகிறேன்.

செவ்வாயன்று மாலை நான் வீடு திரும்பியபோது அவள் பள்ளிக்கே போகவில்லை என்பது தெரிந்தது. கட்டிலில் முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படிக் கிடக்கறே?"

"போப்பா, ப்ளீஸ்."

மேற்படி விஷயம்தான் என்று எனக்குப் புலப்படச் சற்று நேரமாயிற்று. புலப்பட்ட பிறகும் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துவிட்டு வந்தேன். அது அங்கேயே ஆறிப் போயிற்று.

நீ இருக்கையில் அடுப்பில் ஏதோ கொதிக்க வைப்பாய். வீடெல்லாம் இஞ்சி மணக்கும். மறுநாள் அவள் பள்ளிக்குக் கிளம்பிவிடுவாள். மேற்படி விஷயத்தில் என் அறிவு இவ்வளவே. என்னென்ன பொருள்கள், ஒவ்வொன்றும் எத்தனை கிராம், எவ்வளவு நீர், எத்தனை வேளை என்பதைத் தெளிவாக எழுதி அனுப்பு. மேற்படி விஷயம் அடுத்த மாதமும் நேரும் என்பதால் விரைவில் பதில் வேண்டும்.

அன்புடன்,
உன் கணவன்


ஜூன் 14

என்னங்க,

பெண்டாட்டிக்கு எழுதும் முதல் கடிதத்தில் "பொருள்" என்று தலைப்புப் போட்டவர் இந்த உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருக்கும். என் அறைத்தோழி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஆபீஸ் ஆர்டரா?" என்றாள். "ஆமாம்டி, வீட்டு ஆபீஸ்" என்றேன். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது. கடிதத்தைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன்.

அது என்ன வரிக்கு வரி மேற்படி, மேற்படி? அதற்குப் பெயர் மாதவிடாய். ஒரு தரம் எழுதிப் பாருங்கள், பேனா முனை உடைந்து போகாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கட்டை விரல் நுனி அளவு இஞ்சி, தட்டிக்கொள்ளுங்கள். பெரிய சீரகம் ஒரு சின்னக் கரண்டி. ஓமம் ஒரு சிட்டிகை. பட்டை இருந்தால் ஒரு துண்டு. நிறையப் போட வேண்டாம், வயிறு எரியும். இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாக வற்றட்டும். வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டில் தேன் விட்டுக் கொடுங்கள். வெந்தயத்தை மோரில் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். கடுகு துப்பிவிடுவாள், அதனால் அந்த முயற்சியே வேண்டாம். அலமாரியில் கீழ்த்தட்டில் ரப்பர் பை இருக்கிறது. வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றி அடிவயிற்றில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கஷாயத்தைவிட அந்தச் சூடுதான் அவளுக்குச் சீக்கிரம் கேட்கும். கேள்வி மட்டும் கேட்காதீர்கள். வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இங்கே எல்லாம் நன்றாகவே போகிறது. கம்பெனி என்னை நம்பி ஒரு வருஷப் படிப்புக்கு அனுப்பியிருக்கிறது. முடித்து வந்தால் துணி வெட்டும் பிரிவு முழுக்க என் பொறுப்பு. அதெல்லாம் சரிதான். அவள் சுருண்டு கிடந்தாள் என்று படித்ததும் என் கத்தரி கோட்டை விட்டு விலகிப் போய்விட்டது. நல்ல வேளை, பயிற்சித் துணி. இப்படியே தொடர்ந்தால் நான் கிளம்பி வந்துவிடுவேன். அவள் அங்கே துடித்துக்கொண்டிருக்கும்போது நான் இங்கே காலர் வெட்டிக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் வீட்டு ஆபீஸ் சிப்பந்தி


ஜூன் 22

அன்புள்ள துணைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாதவிடாய். எழுதிவிட்டேன். உன் கூற்று சரியே, பேனாவுக்குச் சேதமில்லை.

ஆனால் உன் குறிப்பைப் பற்றி எனக்குச் சில ஆட்சேபங்கள் உண்டு. சிட்டிகை என்பது அளவன்று. உன் விரலில் நிற்கும் ஓமமும் என் விரலில் நிற்கும் ஓமமும் ஒன்றாகா. கட்டை விரல் நுனியும் அப்படியே. யாருடைய கட்டை விரல்? கடைகளின் தராசுகளைச் சோதித்து முத்திரை இடுவதே தொழிலாகக் கொண்டவனுக்கு இப்படி ஒரு குறிப்பை எழுதி அனுப்ப உனக்கு எப்படி மனம் வந்தது? அலுவலகத் தராசை வீட்டுக்கு எடுத்து வருவது தகாது என்பதால், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு சிறு தராசு வாங்கினேன். என் சிட்டிகையைப் பலமுறை நிறுத்துச் சராசரி கண்டிருக்கிறேன்.

பெரிய சீரகம் குறித்து ஒரு தவறு நேர்ந்தது. நீ எழுதியதை எழுதியபடியே பொருள் கொண்டு, டப்பாவிலிருந்த சீரகத்தைச் சல்லடையில் கொட்டிச் சலித்துப் பெரிய மணிகளைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த கடுகு நின்று பார்த்தாள்.

"என்னப்பா பண்றே?"

"பெரிய சீரகம் எடுக்கறேன். அம்மா எழுதியிருக்கா."

"அப்பா... பெரிய சீரகம்னா சோம்பு."

"அப்படின்னா சோம்புன்னே எழுத வேண்டியதுதானே?"

அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. ஆகவே அந்தத் தவறை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேலும் ஒன்று. நீ சொல்லும் பொருள்கள் அனைத்தையும் ஒரே கஷாயத்தில் போட்டால், எது வேலை செய்தது என்று எங்ஙனம் அறிவது? எனவே முதல் மாதம் இஞ்சி மட்டும், அடுத்த மாதம் சோம்பு, அதற்கடுத்த மாதம் ஓமம் என்று முறைப்படுத்தியிருக்கிறேன். சமையலறை நாட்காட்டியில் உத்தேசத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, முன்கூட்டியே இஞ்சி வாங்கவும் பையைச் சோதிக்கவும் குறித்து வைத்தேன். அலுவலகத்தில் ஒவ்வொரு தராசுக்கும் மறு ஆய்வுத் தேதி குறிப்போம் அல்லவா, அதே முறைதான். இனி எதுவும் நம்மைத் திடீரென்று வந்து பிடிக்காது.

நீ கிளம்பி வர அவசியமே நேராது என்று உறுதியாக நம்புகிறேன்.

அன்புடன்,
உன் கணவன்


ஜூலை 6

என்னங்க,

நேற்று உங்கள் மகள் போனில் அழுதாள். அழுகைக்கு நடுவே பாதி வார்த்தைதான் புரிந்தது. நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் அவள் பெயரையும் எழுதி, "மேற்படி - மறு ஆய்வு" என்றும் எழுதி வைத்தீர்களாமே! சமையலறைச் சுவரில்! அவளோடு படிக்கிற அந்த நெட்டைப் பெண் தண்ணீர் குடிக்க வந்தவள் படித்துவிட்டு, "மேற்படின்னா என்னடி? உனக்கு எதுக்கு மறு ஆய்வு?" என்று கேட்டிருக்கிறாள். இவள் என்ன சொல்வாள், பாவம்.

அவள் என்ன காய்கறிக்கடைத் தராசா?

இந்த மாதம் நாள் வந்தபோது உங்கள் கஷாயத்தைத் தொடவில்லையாம், பையையும் வாங்கவில்லையாம். இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை. வலியைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்திருக்கிறது.

இங்கே ஆகஸ்ட் பாதியில் முதல் பருவம் முடிகிறது. தொடர்வதா நிற்பதா என்று அதற்குள் சொல்ல வேண்டும். நான் நின்றுவிடுகிறேன். வேறு யாரையாவது அனுப்பிக்கொள்ளட்டும். பிரிவுத் தலைமை எங்கே போய்விடப் போகிறது. போனால்தான் என்ன. இதில் உங்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.


ஜூலை 11

அன்புள்ள துணைவிக்கு,

நாட்காட்டியை அன்றே கழற்றிவிட்டேன். கிழித்து எறியவும் செய்தேன். அதை எழுதும்போது என் மனத்தில் இருந்தது முன்னேற்பாடு ஒன்றுதான். அது ஒரு பெண்ணின் உடம்பைச் சுவரில் மாட்டுவதாகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

கடுகு என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டு மேசையில் "உப்பு" என்கிறாள், "போதும்" என்கிறாள், அத்தோடு சரி. நேற்று அவள் அறை வாசலில் நின்று, "தப்புதாம்மா, இனிமே எழுத மாட்டேன்" என்றேன். உள்ளேயிருந்து, "எழுதினது கூடப் பரவால்லப்பா. அதுக்கு 'மேற்படி'ன்னு ஒரு பேரு வெச்சே பாரு. சொல்லக்கூடாத வியாதி மாதிரி" என்றாள். அது நல்ல தமிழ்ச்சொல் என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் விட்டது விவேகம் என்றே இப்போதும் கருதுகிறேன்.

ஒரு வேண்டுகோள். நீ நின்றுவிடுவது பற்றி இப்போதே யாரிடமும் சொல்லாதே. ஆகஸ்ட் தொடக்கத்தில் அடுத்த முறை வரும். அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய். நீ உன் மேசையில் சாக்கட்டியால் கோடு போடும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். அதை என் நாட்காட்டி கெடுத்தது என்று ஆகிவிட வேண்டாம்.

இதற்கிடையில் அவளை ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துப் போகலாமா? பள்ளியைத் தடுக்கும் அளவுக்கு வலி இருப்பது இயல்புதானா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றை இஞ்சியால் மட்டும் சரிக்கட்டுவது முறையாகாது.

அன்புடன்,
உன் கணவன்


ஜூலை 17

என்னங்க,

சரி, பொறுக்கிறேன். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

டாக்டரிடம் போங்கள். நானே செய்திருக்க வேண்டியது. "எல்லாருக்கும் இருக்கிறதுதானே, பல்லைக் கடிச்சுக்கோ" என்று எனக்குச் சொன்னதையே நானும் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டேன். முதலில் அவளிடம் கேளுங்கள். அவள் சரி என்றால் மட்டும் போங்கள். உள்ளே அவளே பேசட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.

இங்கே எங்கள் விடுதி மாடியில் ஒரு கெட்டில்தான் இருக்கிறது. போன வாரம் பட்டன் தைக்கிற பிரிவுப் பெண் ஒருத்தி வலியில் மேசையில் தலை சாய்த்துவிட்டாள். நான் சோம்பும் இஞ்சியும் கொதிக்க வைத்தேன். இன்னொருத்தி, "எங்க வீட்டுல பட்டைதான் போடுவோம்" என்றாள். மூன்றாமவள், "மஞ்சளும் பாலும் இல்லாம என்ன வைத்தியம்?" என்று சண்டைக்கு வந்தாள். கடைசியில் அந்தப் பெண் எழுந்து, "அக்கா, நீங்க சண்டை போட்டு முடிங்க, எனக்கு வலி போயிடுச்சு" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். எங்களில் யாரும் எதையும் நிறுக்கவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

துணியில் ஒரு நூல் பிசகினாலும் நான் விடமாட்டேன், உங்களுக்கே தெரியும். சட்டை யார் உடம்பிலாவது உட்கார வேண்டும், அதனால். கஷாயம் அப்படியில்லை. குடிக்கிறவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட வேண்டியது அது. முகம் சுளித்தால் தேன் கூட. அவ்வளவுதான் கணக்கு.

அவள் "உப்பு" என்றால் உப்பைக் கொடுங்கள். அதுவும் பேச்சுத்தான்.


ஆகஸ்ட் 6

அன்புள்ள துணைவிக்கு,

நிகழ்ந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

அவளிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, வருகிறேன் என்றாள். சென்ற மாதக் கடைசியில் மருத்துவரிடம் போனோம். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இன்னொரு தகப்பனாரும் உட்கார்ந்திருந்தார். இருவரும் சுவரிலிருந்த தடுப்பூசி விளம்பரத்தையே வெகு கவனமாகப் படித்தோம். பிறகு கடுகே வெளியே வந்து என்னை உள்ளே கூப்பிட்டாள். பரிசோதனையில் பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். வலி தொடங்கியதுமே போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை எழுதினார். தாங்கித் தாங்கிப் பார்த்துவிட்டுப் போடுவதில் பயனில்லை என்றார். கஷாயம் குடிக்கலாமா என்று கேட்டேன். சமையலில் சேர்க்கும் அளவுக்குச் சோம்பும் இஞ்சியும் தாராளமாகக் குடிக்கலாம், சிலருக்கு நன்றாகவே கேட்கிறது, சூட்டு ஒத்தடம் நிச்சயம் உதவும், வலி கூடிக்கொண்டே போனால் மட்டும் உடனே வரவேண்டும் என்றார். "சமையலில் சேர்க்கும் அளவு என்றால் எத்தனை கிராம்?" என்று நான் கேட்பதற்குள் கடுகு என் செருப்பை மிதித்தாள்.

திரும்பும் வழியில் அவளாகவே பேசினாள். அந்த நெட்டைப் பெண் அன்று என்ன சொன்னாள் தெரியுமா என்றாள். விளக்கம் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகு அவள், "எங்கப்பாவுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதுடி. உங்கப்பா தேதியே போட்டு வெச்சிருக்காரு" என்றாளாம். கேலியா பாராட்டா என்று வினவினேன். "ரெண்டும்" என்றாள்.

திங்களன்று காலை நான் நாளிதழோடு உட்கார்ந்திருக்கையில் அவள் வந்து எதிரில் நின்றாள். வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மேற்படி வந்துடுச்சு."

நாளிதழை மடித்து வைத்துவிட்டு எழுந்து, "மாதவிடாயா?" என்றேன்.

"ஐயோ, கத்தாதப்பா! மேல்வீட்டுக்காரருக்குக் கேக்கப் போகுது."

"கேக்கட்டும்."

இருவரும் சமையலறைக்குப் போனோம். அவள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ரப்பர் பையை மடியில் வைத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் இஞ்சியைத் தட்டிவிட்டுத் தராசை எடுக்க அலமாரியைத் திறந்தேன். "அப்பா, அதை வை" என்றாள். வைத்துவிட்டேன். அவளே எழுந்து டப்பாவில் கைவிட்டுச் சோம்பை எடுத்துப் போட்டாள். ஓமத்தை மோந்து பார்த்து, "இது வேண்டாம், பல்பொடி மாதிரி இருக்கு" என்று மூடினாள். மாதத்துக்கு ஒரு பொருள் என்ற என் முறை அத்தோடு முடிவுற்றது. எது வேலை செய்தது என்று இனி என்னால் ஒருபோதும் சொல்ல இயலாது. மாத்திரையா, சூடா, சோம்பா, அல்லது நான் வடிகட்டும்போது பாதியை மேடையில் கொட்டியதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பா என்பது பிரித்தறிய முடியாமல் கலந்துவிட்டது. முகத்தைப் பார்த்துத் தேன் விட்டேன். இரண்டாம் முறையும் விட்டேன்.

சற்றுத் தாமதமாகப் பள்ளிக்குப் போனாள். மாலையில் சற்று வெளுத்த முகத்தோடு, ஆனால் தானே நடந்து வந்து, "பசிக்குதுப்பா" என்றாள். வலி இல்லாமல் போகவில்லை. அதை நான் மிகைப்படுத்த விரும்பவில்லை. ஆனால் அவள் கட்டிலில் கிடக்கவில்லை.

ஆகவே, நீ வர வேண்டாம். இந்த வாக்கியத்தைக் கோபமாகப் படிக்காதே. இதைவிடச் சுமுகமாக எழுதப் பலமுறை முயன்றேன், ஒவ்வொரு முறையும் நீளமாகிப் பொருள் குழம்பிற்று. நீ அங்கே இருந்து, வெட்ட வேண்டியதை வெட்டிக் கற்று முடித்து வா. இங்கே நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
உன் கணவன்


ஆகஸ்ட் 12

என்னங்க,

"நீ வர வேண்டாம்" என்பதை வாசலில் நின்றபடியே படித்தேன். முதலில் சுருக்கென்றது. நான் இல்லாமலே வீடு நடக்கிறதே, அதிலும் அந்தச் சமையலறை, என்று ஒரு பொறாமை. நல்லதுக்குத்தான் என்று மனசுக்குத் தெரிகிறது, ஆனாலும் பொறாமை பொறாமைதான். அறைத்தோழியிடம் காட்டினேன். "அக்கா, எங்க வீட்டுக்காரர் இப்படி எழுதினா நான் ஃப்ரேம் போட்டு மாட்டுவேன்" என்றாள். "இவரு மாட்டினதே போதும்மா" என்றேன்.

இன்று காலை தலைமை ஆசிரியையிடம் போய் இரண்டாம் பருவத்துக்கும் தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டேன். "உங்களைப் பத்திக் கொஞ்சம் பயமாவே இருந்துச்சு, அடிக்கடி வீட்டு யோசனைல இருந்தீங்க" என்றார். "வீடு நல்லா இருக்கு மேடம்" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே உறைத்தது. வகுப்புக்குத் திரும்பி வந்து ஒரு கோட்டின் முதுகுத் துண்டை ஒரே மூச்சில் வெட்டினேன். கத்தரி சாக்கட்டிக் கோட்டை விட்டு விலகவே இல்லை. அடுத்த பருவத்தில் கனத்த கம்பளித் துணி தருகிறார்களாம். இப்போதிருந்தே ஆசையாக இருக்கிறது.

கடுகும் போனில் பேசினாள். அழவில்லை. உங்களைப் பற்றி மூச்சு விடாமல் குறை சொன்னாள். அப்பா டப்பா எல்லாவற்றுக்கும் பெயர் ஒட்டிவிட்டார், சீரக டப்பாவில் மட்டும் "பெரிய சீரகம் அன்று" என்று எழுதியிருக்கிறார் என்றாள். நன்றாக இருக்கிறாள். குரலிலேயே தெரிந்துவிட்டது.

அக்டோபர் விடுமுறைக்கு வருகிறேன். விரலை மடக்கிப் பார்த்தேன், எனக்கும் அந்த வாரம்தான் வரும். மாதவிடாய்தான், நான் எழுதுவேன். எனக்குக் கடுகு அளவுக்கு வலி கிடையாது. ஆனால் கல்யாணம் ஆன நாளாக அடுப்பைப் பற்றவைத்ததும் நானே, வடிகட்டியதும் நானே, நின்றபடியே குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனதும் நானே. உங்களுக்குத் தெரியாதது உங்கள் குற்றமில்லை, நான் வாய் திறந்து சொன்னதே இல்லை.

இந்தத் தடவை சொல்கிறேன். வந்து இறங்கியதும் பெட்டியைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன். சமையலறைப் பக்கமே வரமாட்டேன். இஞ்சி கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும், தேன் வேண்டாம். படுத்த இடத்தில் ஒருவர் கொண்டுவந்து நீட்ட, எழுந்து உட்கார்ந்து வாங்கிக் குடித்தால் அது எப்படி ருசிக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.